தழும்பை அழித்த சினிமா

போன மாதம் என் பேரன் ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றி உதறிய உதறலில், ஒரு செருப்பு முருங்கை மரத்தடியில் போய் விழுந்தது. ஜப்பான்காரர்கள் வரைகிற படக்கதை ஒன்றை அவன் வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டிருக்கிறான். அதற்கு மங்கா என்று பெயராம். அதை இப்போது ஆட்களை நடிக்க வைத்து சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். ஆசையாகப் போனவன், "மூஞ்சியே வேற தாத்தா. கதையே வேற. அவன் எதுக்கு ஊர வுட்டுப் போறான்னே படத்துல தெரியல. நாசம் பண்ணிட்டானுங்க" என்றான். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். பொம்மை போட்ட புத்தகத்துக்கா இவ்வளவு கோபம் என்று அவனைப் பெற்றவளே கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. படக்கதையை வாங்கிப் படமெடுக்கிற சினிமாக்காரர்கள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் அவனுடையதைவிட வயதில் ரொம்ப மூத்தது. அவனுக்காவது டிக்கெட்டோடு போயிற்று. எங்கள் வீட்டில் என் அக்காவே அதில் மாட்டிக்கொண்டாள்.

எழுபதுகளில் நடந்தது இது. வில்லியனூருக்குப் பக்கத்தில், கோயில் மணி அடித்தால் தெருவே எழுந்திருக்கிற கிறிஸ்தவ ஊர் எங்களுடையது. அப்பா மாட்டுத் தரகர். செவ்வாய்க்கிழமை தவறாமல் மதகடிப்பட்டுச் சந்தையில் நிற்பார். நான் வில்லியனூர் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தை ஐந்தோடு விட்டவன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே வாரப் பத்திரிகையில் வந்த படக்கதைகளால்தான். வாத்தியார் நூறு வரி ஒரேயடியாகப் படி என்பார். படக்கதையில் ஒரு ஆள் வாயிலிருந்து ஒரு வரிதான் வரும், அதற்குப் பக்கத்தில் அவன் முகமும் இருக்கும். கோபமா கெஞ்சலா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் பாதி எழுத்து தானாக வந்துவிடும். நான் அப்படித்தான் கரையேறினேன்.

அக்காவைக் கரியமாணிக்கம் பக்கத்தில் ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் குடிக்காத நேரத்தில் நல்லவன் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஆனால் அந்த நேரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைத் திருப்பியை எடுத்து அவள் முகத்தில் வைத்து அடித்துவிட்டான். காதுக்குக் கீழேயிருந்து கன்னம் வரைக்கும் தோல் வழன்று, ஆறிய பிறகு இலைநரம்பு மாதிரி ஒரு தழும்பு நின்றது. காயம் ஆறுவதற்கு முன்பே, முகத்தில் கட்டோடுதான் அவள் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வந்த புதிதில் தெரு அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. "கோயில்ல வச்சி கட்டின தாலியாச்சே" என்பாள் ஒருத்தி. "ஆம்பள கை நீட்டாத வூடு எந்த வூடு, சொல்லு பாப்பம்" என்பாள் இன்னொருத்தி. சாமியாரிடம் போனால் ஜெபம் பண்ணச் சொன்னார். அக்கா ஜெபமும் பண்ணினாள், பதிலுக்குப் பதிலும் பேசினாள். "ஒன் வூட்டுத் தோசைத் திருப்பிய எடுத்துக்கினு வா, ஒன் மூஞ்சில ஒரு தடவ வச்சிப் பாத்துட்டு அப்புறம் பேசுவம்" என்று அவள் சொன்ன பிறகு, கை நீட்டுவதைப் பற்றிப் பேசியவள் எங்கள் கிணற்றுப் பக்கமே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் அந்தப் படக்கதை ஆரம்பித்தது.

கதை இதுதான். ஒரு ஜமீன் வீட்டு மருமகள். புருஷன் குதிரைச் சவுக்கால் அவளை முகத்தில் அடிக்கிறான். அவள் வீட்டை விட்டு இறங்கி, கால்போன போக்கில் நடந்து, ஒரு சர்க்கஸில் போய்ச் சேர்கிறாள். முதலில் குதிரைக்குப் புல் போடுகிறாள், பிறகு குதிரைமேல் ஏறுகிறாள், கடைசியில் ஓடுகிற குதிரையின் முதுகில் எழுந்து நிற்கிறாள். வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மகராசன் ஒரு காரியம் செய்திருந்தார். அவளைச் சின்னதாக வரைந்தாலும் பெரியதாக வரைந்தாலும், கூட்டத்தின் நடுவில் புள்ளியாக வரைந்தாலும், இடது கன்னத்தில் சவுக்குத் தழும்பை விடாமல் போட்டிருப்பார்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் என் அம்மா. அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. செட்டியார் மண்டிக்கு வேர்க்கடலை உடைத்துக் கொடுக்கிற கூலி வேலையை எங்கள் தெருப் பெண்கள் எங்கள் தோட்டத்தில் உட்கார்ந்துதான் செய்வார்கள். பத்திரிகை வந்த அன்று கடையை மத்தியானம் சாத்திவிட்டு வந்து நான் படிப்பேன். நான் படிக்கிறதற்கு முன்பே அம்மா பக்கத்தை வாங்கிக் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்து முடித்திருப்பாள். "இந்த வாரம் அவ அழுவல. குதிரதான் பயந்துக்கினு இருக்குது" என்பாள். படித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கூட்டத்தில் அந்தப் பெண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டதற்கு, "கன்னத்தப் பாருடா, வச்சிருக்கறான் பாரு. எம் பொண்ணுக்கு வச்ச மாதிரியே" என்றாள்.

கடலை உடைத்துக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் நின்றன. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா, "இன்னா பாக்கறீங்க, குதிர வாங்கிக் குடுத்தா நானும் ஏறுவேன்" என்றாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அதற்குப் பிறகு தெருவின் பேச்சு மெல்ல மாறியது. தாலியைப் பற்றிப் பேசியவள், "அந்தச் சவுக்கால அடிச்ச நாய் இன்னம் சாவலியா, படி படி" என்று என்னை விரட்ட ஆரம்பித்தாள். கதைப் பெண்ணைத் திட்ட மனசு வரவில்லை என்றால் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பவளை மட்டும் எப்படித் திட்டுவது? அக்காவை யாரும் மன்னித்துவிடவில்லை. மன்னிக்கிறதற்கு ஒன்றுமில்லை என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது. சாமியார் செய்யாததை, அப்பா செய்யாததை, நான் செய்யாததை, முகம் தெரியாத யாரோ ஒருவர் பேனாவால் கன்னத்தில் கீறிய கீறல் செய்தது.

கதை முடிந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சர்க்கஸ் அவள் ஊருக்கே வருகிறது. புருஷன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் குதிரைமேல் நின்றபடி அவனைப் பார்க்கிறாள். அதற்கு அடுத்த கட்டம்தான் கடைசி. அதில் ஓர் எழுத்தும் இல்லை. காலியான நாற்காலி மட்டும்தான் இருந்தது. இதில் நான் எதைப் படிக்கிறது? திருதிருவென்று விழித்தேன். அம்மாதான் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு, "இது கூடத் தெரியல. அவன் எழுந்து போயிட்டான். இவ எறங்கல" என்றாள்.

மற்றவர்கள் மாதிரி நாங்களும் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைத்தோம். அது வீடு வீடாகப் போய் எண்ணெய்க் கையும் மஞ்சள் கையும் பட்டுத் திரும்பி வரும்.

அதைத்தான் சினிமாவாக எடுத்தார்கள். டவுனில் வெளியாகி ஓடி ஓய்ந்து, பிரிண்டு தேய்ந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் கொட்டாய்க்குப் படம் வரும். படம் வருவதற்கு முன்பே, "நீங்கள் படித்த அதே கதை, ஒரு கட்டம் மாறாமல்" என்று ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக விசிறினார்கள். நான் என் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ள ஒன்று வாங்கி வைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தைக்கு அக்கா புருஷனின் பெரியப்பா வந்திருந்தார். அப்பன் இல்லாத அவனை வளர்த்தவர் அவர்தான். வெற்றிலைக் காவி ஏறிய பல், நிதானமான பேச்சு. எதிரில் நிற்பவன் முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிற ஆள். காளை பார்க்கிற மாதிரி சுற்றிவிட்டு அப்பாவிடம் வந்திருக்கிறார்.

"இன்னா சம்மந்தி, நம்ம வூட்டு மருமவ இன்னம் அந்த சர்க்கஸ் கதையப் புடிச்சிக்கினுதான் ஒக்காந்துருக்கறாளாமே?"

"கதையில இன்னா தப்பு?" என்றாராம் அப்பா.

"தப்பே இல்லன்றேன். அந்தக் கதப்படியே நடக்கட்டும். கொட்டாய்ல அந்தப் படம் வருது. ரெண்டு வூட்டுக்காரங்களும் சேந்து போயிப் பாப்பம். அதுல அவ புருஷன்கிட்ட போனா, இவளும் மூட்டயக் கட்டட்டும். போவலியா, சீர் சாமான அத்தனையும் நானே வண்டியில ஏத்திக்கினு வந்து எறக்கிட்டுப் போறேன். இனிமே எம் புள்ள ஒங்க ஊர் எல்லைய மிதிக்க மாட்டான்."

அப்பாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. முடிவுதான் தெரிந்த முடிவாயிற்றே. தோட்டத்தில் கடலை உடைத்த பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். காலி நாற்காலி. கிழவன் வசமாக வந்து மாட்டிக்கொண்டான் என்று நினைத்திருக்கிறார்.

மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். பேச்சு முடிந்து கையைத் தட்டிவிட்டால் முடிந்ததுதான். அப்புறம் மாடு நொண்டினாலும் செத்தாலும் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கிய தரகன் துண்டுக்குள் யாரும் கை விடமாட்டார்கள். பெரியப்பா தன் துண்டை நீட்டினார். அப்பா கையை விட்டார். அங்கே நின்றவர்கள் ஏதோ காளை கைமாறுகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா இதைச் சொன்னபோது முகமெல்லாம் பூரித்திருந்தது. "முடிச்சிட்டேன்டி. இன்னும் அஞ்சு நாளுல எல்லாம் தீந்துரும். சீரு திரும்பி வந்துரும்."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"என்னக் கேட்டியாப்பா?"

"கேக்க இன்னா இருக்குது? முடிவுதான் தெரியுமே."

"துண்டுக்குள்ள கைய வுட்டுப் பேசினியா?"

அப்பா தலையசைத்தார்.

"எம் பல்லப் புடிச்சிப் பாக்கல அந்த ஆளு? வாலத் தூக்கிப் பாக்கல?"

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது. நான் அப்பா பக்கம்தான் பேசினேன். ஒரு கட்டம் மாறாமல் என்று அச்சடித்தே போட்டிருக்கிறார்களே என்று நோட்டீசைக் கொண்டுவந்து காட்டினேன். அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். அதில் கதாநாயகியின் முகம் பெரியதாக இருந்தது. கன்னம் உரித்த நுங்கு மாதிரி வழவழவென்றிருந்தது. "இதுல இல்லியேடா" என்றாள். நோட்டீசுக்கு அப்படித்தான் போடுவார்கள், படத்தில் இருக்கும் என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்துக்குத் தெருவே கிளம்பியது. கொட்டாயில் குறுக்கே இடுப்புயர மண்சுவர், அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். அம்மாவும் அக்காவும் கடலை உடைக்கிற பெண்களும் சுவருக்கு அந்தப் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டார்கள். இந்தப் பக்கம் பெஞ்சில் அப்பா, நான், பெரியப்பா, அவருக்கு அந்தண்டை அக்கா புருஷன். அன்றைக்கு அவன் குளித்து, எண்ணெய் வைத்துத் தலைவாரி, குடிக்காமல் வந்திருந்தான்.

படம் ஓடியது. கதாநாயகி முகத்தில் தழும்பு இல்லை. இனிமேல்தானே அடிக்கப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் அடிக்கவே இல்லை. சவுக்கு என்ற ஒரு பொருளே அந்த வீட்டில் இல்லை. அவன் தங்கமான மனுஷன். பாட்டுப் பாடுகிறான், பெண்டாட்டிக்குப் பூ வைத்துவிடுகிறான். ஜமீன் கணக்குப்பிள்ளை ஒருவன் இடையில் புகுந்து பொய் சொல்லிப் பிரித்துவிடுகிறான். அவளும் அதை நம்பிக் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அதாவது தப்பு அவளுடையது.

யோசித்துப் பாருங்கள். அந்த நடிகைக்குப் பேர் இருந்தது, முகத்துக்குக் கூட்டம் இருந்தது. அந்த முகத்தில் கோடு போடத் தயாரிப்பாளருக்கு மனசு வரவில்லை. கோடு இல்லையென்றால் அடி இல்லை. அடி இல்லையென்றால் அவன் நல்லவன். அவன் நல்லவன் என்றால் அவள் எதற்காகப் போனாள்? புத்தி கெட்டுப் போனாள். ஒரு பொட்டு மையை மிச்சம் பிடிக்கப் போய்க் கதையை முழுசாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குதிரைக்குப் பதில் யானை விட்டிருந்தால் பார்த்திருப்போம். ஜமீனை மில் முதலாளி ஆக்கியிருந்தாலும் சரி, பத்துப் பாட்டு வைத்திருந்தாலும் சரி. எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் நடுவில் புகுந்து கதையில் வராத பேச்செல்லாம் பேசுவான், யாராவது கோபித்துக்கொண்டோமா? ஆனால் கூத்துக்காரன்கூட அடித்தவனை அடிபட்டவனாக்கி ஆடமாட்டான்.

சர்க்கஸ் ஒரே பாட்டில் வந்து போயிற்று. ஜிகினா உடுப்பில் அவள் நின்று கையை ஆட்டுவாள், குதிரைமேல் தூரத்தில் வேறு யாரோ ஓடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா குரல் கேட்டது: "அது ஆம்பள காலுடி. கெண்டக்காலப் பாரு." பெண்கள் சிரித்தார்கள். இந்தப் பக்கம் அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு வேர்த்திருந்தது.

இன்னும் நம்பிக்கை இருந்தது. முடிவை மாற்றமாட்டார்கள் என்று நினைத்தேன். ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். பெரியப்பா முறுக்கு வாங்கி அப்பாவுக்கும் ஒன்று நீட்டினார். பிறகு அக்கா புருஷன் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொல்வதாக நினைத்து, "இப்ப பாரு, கயிறு அறுந்துரும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மகன் ஒருவன் டவுனில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். படம் டவுனில் ஓடும்போதே அவனோடு போய்ப் பார்த்துவிட்டுத்தான் சந்தைக்கு வந்திருக்கிறார். அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் காதில் விழுந்திருந்தது. முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. முன்வரிசையில் புருஷன் உட்கார்ந்திருக்கிறான். அவள் மேலே கயிற்றில் தொங்குகிறாள். அவனைப் பார்க்கிறாள். அடுத்து, திரை முழுக்கக் காலி நாற்காலி. பத்திரிகையில் எப்படி இருந்ததோ அப்படியே: அதே சாய்மானம், அதே கோணம், தரையில் விழுந்திருந்த அதே நிழல். பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். "எழுந்து போயிட்டான்டி!" என்று யாரோ கத்தினாள்.

அவன் போகவில்லை. கணக்குப்பிள்ளை பாதி அறுத்து வைத்திருந்த கயிறு அறுந்து அவள் விழுகிறாள், அவளைத் தாங்கிப் பிடிக்கத்தான் இவன் நாற்காலியை விட்டு ஓடியிருக்கிறான். பிடித்துவிட்டான். அவள் அழுது அவன் காலில் விழுகிறாள். தெரியாமல் வந்துவிட்டேன், கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறாள். திரையில் வணக்கம் போட்டுப் படத்தை முடித்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் மாற்றியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் நூல் பிசகாமல் எடுத்திருந்தார்கள். அப்படியே எடுத்து, அதன் அர்த்தத்தின் கழுத்தைத் திருகிப் போட்டிருந்தார்கள்.

திரைமேல் ஒரு பிடி மணல் வந்து விழுந்தது. பின்னால் இன்னொரு பிடி. அப்புறம் பெண்கள் பக்கம் எல்லாரும் வாரி வாரி இறைத்தார்கள். கொட்டாய் மேனேஜர் ஓடிவந்து, "யாருமா அது மண்ண வாரிப் போடறது? தெர பாழாவுதில்ல?" என்று கத்தினான்.

"தழும்பு எங்கடா?" என்றாள் ஒருத்தி. ஒரு காலத்தில் தாலியைப் பற்றிப் பேசிய அதே பெண்மணிதான். "மொதல்ல அத்தச் சொல்லு."

"என்னக் கேட்டா? நானா படம் எடுத்தேன்? பொட்டி வந்துச்சி, ஓட்டறேன்."

"ஒரு கட்டம் மாறாமன்னு நோட்டீஸு போட்டியே, அத்தப் போட்டது யாரு, ஒங்கப்பனா?"

வெளியே வந்ததும் பெரியப்பா அப்பாவுக்காகக் காத்திருந்தார். "இன்னா சம்மந்தி, கை தட்டனமா இல்லியா?" என்றார்.

"தட்டனம்" என்றார் அப்பா.

"வர ஞாயித்துக்கெழம வண்டி அனுப்பறேன்."

நான் முன்னே போய், "நீங்க மொதல்லியே பாத்துட்டு வந்தீங்க. இது ஏமாத்து வேல" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "மாட்ட நல்லாப் பாத்துட்டுத்தான் கை வுடணும். பாக்காம வுட்டது யாரு?"

அந்த வாரம் அப்பா ஒருமுறை மட்டும் அம்மாவிடம், "சந்தையில நான் எப்டி நிப்பேன்?" என்றது காதில் விழுந்தது. அம்மா, "அவ அங்க எப்டி நிப்பா?" என்றாள். செவ்வாய்க்கிழமை அவர் சந்தைக்குக் கிளம்பி, ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். அக்கா தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் எதிரே வந்த எல்லாரிடமும் அந்தப் படத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிள் வாடகைக்கு எடுக்க வந்தவனை நிற்க வைத்துத் திட்டினேன். "படத்தத் திட்டு, சைக்கிள மொதல்ல குடு" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்து சேர்வதற்கும் வில்வண்டி வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. பெரியப்பா இறங்கவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா புருஷன் மட்டும் கீழே நின்று மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். தெருப் பெண்கள் அவரவர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அப்பா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெளம்புமா" என்றார்.

"நான் போவல" என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"நான் வாக்கு குடுத்துட்டேன்."

"நான் குடுக்கல."

பெரியப்பா வண்டியிலிருந்தபடியே, "ஒங்கப்பன் வாக்குன்னா ஒன் வாக்குதான்மா. சினிமாவுல அவளே காலுல வுழுந்து போனா இல்ல?" என்றார்.

"அவளுக்கு யாரு இத்த வச்சாங்க?" அக்கா முந்தானையை விலக்கிக் கன்னத்தைக் காட்டினாள். பேச்சு அவரோடுதான், காட்டியது புருஷனிடம். "சொல்லுயா. அந்தப் படத்துல இத்த யாரு வச்சது? ஒன் கையப் பாத்துச் சொல்லு."

அவன் மாட்டைத் தடவுவதை நிறுத்திவிட்டான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டான். அந்த முகத்தில் நான் இரக்கப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரியப்பா மட்டும் அசரவில்லை. "வண்டி வெறுமனே திரும்பாது சம்மந்தி. கை வுழுந்தது வுழுந்ததுதான்" என்றார்.

அதுவரைக்கும் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்த அம்மா இறங்கி வந்தாள். "வெறும் வண்டி திரும்பக் கூடாது, அவ்ளோதான? வாக்கு குடுத்தவரு தோ நிக்கறாரு. ஏத்திக்கினு போங்க. நல்லா மாடு மேய்ப்பாரு. சோறு மட்டும் வேளைக்குப் போட்டுருங்க, இல்லன்னா கோவம் வரும்."

தெரு கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டாள். பெரியப்பாவின் முகம் கறுத்தது. நான் அப்பாவைப் பார்த்தேன், அம்மாமேல் பாயப் போகிறார் என்று பயந்தேன்.

அப்பா டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசற்படிக்கு உள்ளே வைத்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். நேரே போய் வண்டியில் ஏறி, பெரியப்பாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா சம்மந்தி இது?" என்றார் பெரியப்பா.

"பேசின பேச்சு முறிஞ்சா தரகன்தான் நேருல வந்து சொல்லணும். அதுதான மொற. ஒங்க ஊருல நாலு பேரக் கூப்புடு. முறிஞ்சி போச்சின்னு என் வாயால சொல்லிட்டு வரேன். ஓட்டு வண்டிய."

யாரும் சிரிக்கவில்லை. வண்டி கிளம்பியது. அக்கா புருஷன் பின்னால் நடந்துபோனான், ஏறுகிறாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. அம்மா தான் சொன்னது இப்படிப் போய் முடியும் என்று நினைக்கவில்லை. வண்டி திரும்புகிற வரைக்கும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் காரியத்துக்கு அப்பா கொடுத்த விலை சின்னதில்லை. அதற்குப் பின் வெகு காலம் சந்தையில் அவரை யாரும் தரகுக்குக் கூப்பிடவில்லை. போவார், மாடுகளைப் பார்ப்பார், டீ குடித்துவிட்டு வருவார். அந்த நடிகை முகத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. படம் எடுத்தவருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அவர் வருத்தப்படுகிற ஆளாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சினிமா என்றால் நாலு மாற்றம் இருக்கத்தான் செய்யும் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், எந்த நாலு என்று கேட்டு நான் சண்டைக்குப் போகிறேன்.

வண்டியில் ஏறிப் போன அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அப்பா நடந்தே திரும்பி வந்தார். காலெல்லாம் புழுதி. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். காலைக் கழுவிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார். கேட்க எங்களுக்குப் பயம். கடைசியில் அக்காதான் கேட்டாள்.

"இன்னாப்பா சொன்னாங்க?"

"போனதும் வெயிலாச்சேன்னு மோர் குடுத்தாங்க" என்றார் அப்பா. "குடிக்க ஆரம்பிச்சேன். வந்த விஷயத்த அப்பவே சொல்லிட்டேன். மோர் குடுத்த அந்த வூட்டுப் பொம்பள என் கையிலேந்து டம்ளரப் புடுங்கிக்கினு போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, திட்டுனாங்க. எல்லாரும் திட்டி முடிக்கற வரைக்கும் நின்னேன். வந்துட்டேன்."

அக்கா எழுந்து உள்ளே போனாள். உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெரிய லோட்டா நிறைய மோர் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா வாங்கி, மூச்சு விடாமல் குடித்து முடித்தார்.